மட்டாஞ்சேரியில் மின்விசிறி சுற்றிய ஞாயிற்றுக்கிழமை

ஜூன் கடைசியில் மட்டாஞ்சேரிக்குப் போவது புத்திசாலித்தனமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மழை விட்டால் புழுக்கம், புழுக்கம் விட்டால் மழை. காயப்போட்ட துணி திரும்ப எடுக்கும்போது போட்டதைவிட ஈரமாக இருக்கும். ஆனாலும் போனேன். கோவையில் ஒரே விடுதி அறையில் என்னோடு குடியிருந்த பாகீரதி, கல்யாணமாகிக் கொச்சிக்குப் போன நாளிலிருந்து "எப்போ வர்றே, எப்போ வர்றே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் கணவர் கிரீஷும், முன்பு யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டில் நான்கு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மழைக்காலத்தில் அறைகள் காலியாக இருக்கும், அதனால் இப்போதே வா என்றாள். சனி, ஞாயிறோடு திங்களும் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கோவையில் ரிலே சோதிக்கும் வேலை எனக்கு. மின்கம்பியில் ஏதாவது கோளாறு என்றால் கண் மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்து, சுவிட்சிடம் "வெட்டு" என்று சொல்கிற கருவிதான் ரிலே. அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. இந்த மூன்று நாளும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

கோவையிலிருந்து எர்ணாகுளம் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். காலை ரயிலில் நான்கு மணி நேரம் ஆனது. பாலக்காட்டைத் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே நிறமே மாறிவிடும், அதனால் உட்கார்ந்தே தூங்கிவிடாதீர்கள். எர்ணாகுளத்தில் இறங்கிப் படகுத்துறைக்கு ஆட்டோ பிடித்தேன். மட்டாஞ்சேரிக்கு நேராகப் போகும் மெட்ரோ படகு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஃபோர்ட் கொச்சிப் படகில் ஏறிவிட்டேன். கட்டணம் நாற்பது ரூபாய், இருபது நிமிடம். பேட்டரியில் ஓடும் படகு, சத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த குழந்தை அழுதது மட்டும்தான் கேட்டது. அங்கிருந்து ஜூ டவுனுக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூறுக்கு வந்தார், வழியெல்லாம் என்னைக் கஞ்சப்பிசினாறி என்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜூ டவுன் தெருவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பழம்பொருள் கடைகள், மசாலாக் கிடங்குகள், பித்தளை விளக்கைத் தூக்கிப் பார்த்து விலை கேட்டுவிட்டு மெதுவாகத் திரும்ப வைக்கும் சுற்றுலாக்காரர்கள். பாகீரதியின் வீடு அதிலிருந்து பிரியும் ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. சந்துக்குள் நுழைந்ததுமே சுக்கு வாசனை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே அங்கங்கே சோலார் பலகைகள். ஐந்து வீடுகளில் வைத்திருக்கிறார்கள்.

"வந்தாச்சா! முழுக்க நனைஞ்சுட்டியே, சாயா குடி முதல்ல" என்று பாகீரதி துண்டை நீட்டினாள். அவளுடைய தமிழ் முன்பு இப்படி இல்லை. பத்து வருடக் கொச்சி அதற்குள் நன்றாக ஊறியிருந்தது. கிரீஷின் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் தமிழ் பேசுவார், ஆனால் மொபைலில் மலையாளத்தில்தான் தட்டுவார். நல்ல மனிதர். நல்லவர் என்றால் எரிச்சலூட்டும் அளவுக்கு நல்லவர். தண்ணீர் வேண்டுமா, தலையணை போதுமா, கொசு கடிக்கிறதா என்று ஒரு மணி நேரத்துக்குள் ஆறேழு முறை கேட்டுவிட்டார். நானும் வாய் சும்மா இருக்காமல், "எல்லாம் சரிங்க, இந்தப் புழுக்கத்தைத்தான் தாங்க முடியலை. விசிறி நின்னா நான் செத்தேன்" என்று சொல்லிவைத்தேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் அதை மனதில் வாங்கிக்கொண்டார்.

பாகீரதிக்கு என்னிடம் ஒரு வழக்கு இருந்தது. "கேட்டியா சுமதி, கூரை முழுக்க சோலார் வெச்சாச்சு. வெயில் கொளுத்தறப்பவும் தெருவுல கரண்ட் போனா வீட்டுல ஒரு பல்பு எரியாது. இதென்ன கூத்து, நீயே சொல்லு."

மூன்று நாள் பேசக் கூடாது என்றிருந்த பேச்சு முதல் சாயாவுக்கே வந்துவிட்டது. சொன்னேன். முன்பெல்லாம் மின்சாரம் ஒரே திசையில்தான் வந்தது. டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கினால் அதற்குப் பிறகு இருக்கும் கம்பி முழுக்கச் செத்த கம்பி. கம்பி நடுவில் அறுந்தால், டிரான்ஸ்பார்மரோடு தொடர்பு விட்டுப்போன வால் பக்கத்தைப் பயமில்லாமல் தொடலாம். இப்போது வாலில் இருக்கும் வீட்டின் கூரையும் மின்சாரம் தயாரிக்கிறது. அது தெருக் கம்பிக்குள் புகுந்தால், பழுது பார்க்க ஏறியவரின் உயிர் போய்விடும். அதனால்தான் தெருவில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் சோலாரின் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். "உன் வீடு இருட்டா இருக்கறது கோளாறு இல்லை பாகீ, அதுதான் பாதுகாப்பு" என்றேன். அவள் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

அன்று மதியம் பிரியாணி (இருநூற்று இருபது ரூபாய், இரண்டு பேர் சாப்பிடலாம்), மாலையில் படகுத்துறை, மழை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெரும் காற்று வந்தது, அதன் பின்னாலேயே மரம் முறிகிற சத்தம். விசிறி நின்றது. வெளியே ஓடிப் பார்த்தால், சந்தின் நடுவில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று மின்கம்பிகளின் மேல் விழுந்து, கம்பிகள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம், அதாவது வால் பக்கம், இருந்தது பாகீரதியின் வீடும் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்த இரண்டு கிடங்குகளும் மட்டும்தான். யாரும் கிட்டே போகாதபடி கிரீஷ் இரண்டு பக்கமும் கயிறு கட்டினார். பக்கத்துக் கடைக்காரர் மின்வாரியத்துக்கு போன் செய்தார்.

ஒரு மணி நேரத்தில் லைன்மேன் சாபு வந்தார். நாற்பது வயது இருக்கும், மீசையை ஒழுங்காக ஒதுக்கியிருந்தார், மழைக்கோட்டைக்கூட இஸ்திரி போட்டது போல உடுத்தியிருந்தார். கூட வந்த இன்னொரு லைன்மேன் டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டு, யாரும் ஏற்றிவிடாதபடி அங்கேயே நின்றுகொண்டார். அடுத்து சாபு ஏணியைச் சாத்துவார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. சந்தின் நடுவில் நின்று, "சாவி!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

ஐந்து வீட்டுக் கதவுகளும் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார். ஒரு பாட்டி முக்காட்டை இழுத்துக்கொண்டே வந்தார், பழம்பொருள் கடைக்காரர் குடையோடு வந்தார், கிரீஷும் போனார். வீட்டுக்கு வெளியே சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் சோலாரைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கும் சுவிட்ச். ஒவ்வொருவரும் அதை இறக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியைச் சாபுவின் கையில் வைத்தார்கள். அவர் வாங்கிய சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். ஐந்து கூரையின் மின்சாரமும் இப்போது அவர் சட்டைப் பைக்குள். மழையில் நின்றபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பெரிய ஆலைகளில் இதே பூட்டு-சாவி முறைக்கு வகுப்பு எடுப்பார்கள், பலகை மாட்டுவார்கள், அபராதம் போடுவார்கள், அப்படியும் ஒருவர் டிமிக்கி கொடுப்பார். இங்கே ஒரே ஒரு குரலுக்கு ஒரு சந்து முழுக்க இறங்கி வருகிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பக்கத்தில் போய், நானும் இந்தத் தொழில்தான் என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இந்தச் சந்தில் தமிழ்க் குடும்பங்கள் பல, அதனால் அவருக்கும் கலப்படமாகத் தமிழ் வரும்.

"சாவி யாரோட ஏற்பாடு?" என்றேன்.

"என்டெ ஏற்பாடுதான் சேச்சி. முதல் சோலார் வந்தப்பவே வீடு வீடாப் போயிக் கேட்டேன், பூட்டு போடுங்க, நான் கூப்பிட்டா சாவி தாங்கன்னு. ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லலை."

"இன்வெர்ட்டர் தானாவே நின்னுடுமே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"நிக்கும்னு விக்கறவன் சொல்றான். சரிதான். பட்சே கம்பத்துல ஏறறது அவனல்ல, நானாக்கும்" என்று சிரித்தார். "சேச்சி நனையறீங்க, மாறி நில்லுங்க."

உண்மையிலேயே தொப்பலாக நனைந்திருந்தேன். துணி மாற்ற மாடி அறைக்குப் போனேன். கதவைச் சாத்தி, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது சில்லென்று காற்று பட்டது. நிமிர்ந்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு நொடி சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியில் கணக்குப் போட ஆரம்பித்தேன். டிரான்ஸ்பார்மரில் சுவிட்ச் இறங்கியிருக்கிறது. கம்பி அறுந்து கிடக்கிறது. சோலார் சாவி சாபுவின் பையில் இருக்கிறது. இந்த வீட்டில் வழக்கமான இன்வெர்ட்டர் பேட்டரியும் கிடையாது, அது பாகீரதியின் இன்னொரு குறை. அப்படியானால் இந்த விசிறியை எது சுற்றுகிறது? அது இந்தச் சுவரோடு நிற்கிறதா, மீட்டரைத் தாண்டித் தெருவுக்கும் போகிறதா?

சன்னலுக்குப் பாய்ந்தேன். கம்பம் எதிரிலேயே இருந்தது. சாபு மேலே ஏறி, இடுப்புப் பட்டையை மாட்டியிருந்தார். அவர் கைக்கும் வால் பக்கத்துக் கம்பிக்கும் இடையில் ஒரு முழம்தான் இருக்கும். "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்பதும் எனக்கு நினைவில்லை.

கீழே கூடத்தில் கிரீஷ் முகம் மலர நின்றிருந்தார். "ஃபேன் ஓடறதா? காத்து வர்றதா?"

"எப்படி ஓடுது?"

மேஜைக்கு அடியில் காட்டினார். ஒரு சின்னப் பெட்டியளவில் புது பேட்டரி, சுற்றுலாக்காரர்கள் கூடாரத்துக்கு எடுத்துப் போவது. விருந்தினர்களுக்காகப் போன வாரம்தான் வாங்கினாராம். பெட்டியில் இருந்த பிளக் பாயின்ட்டிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு, சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டுக்குள் போயிருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்து அவரே செய்த ஒயர். பெட்டியின் மின்சாரம் சுவர் வழியாக வீட்டுக்குள் பரவ, விசிறிகள் சுற்றுகின்றன. மெயின் சுவிட்ச் இறக்கப்படவில்லை. வீட்டுக்குள் பரவியது அப்படியே மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் போய்க்கொண்டிருந்தது.

"சாபு மேலே இருக்கார்!" என்றேன்.

"ஒண்ணும் பேடிக்க வேண்டாம், பயமே இல்லை, சாவி கொடுத்தாச்சே" என்றார் அவர்.

இதுதான் அவர் செய்த தப்பு. அலட்சியத்தால் வந்த தப்பு இல்லை. சாவி கொடுத்துப் பழகிய சந்தில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு. வெளியே சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால், வீடே தெருவிலிருந்து பிரிந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். உண்மையில் பிரிந்தது சோலார் மட்டும்.

ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கக் கை பரபரத்தது. பிடுங்கியிருந்தால் அந்தப் பிளக்கின் பித்தளை முனைகள் மின்சாரத்தோடு என் கையில் இருந்திருக்கும். முதலில் பேட்டரியின் பொத்தானை அணைத்தேன். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன். விசிறி மெதுவாக நின்றது. வெளியே ஓடினேன்.

சாபு ஏணியில் பாதி இறங்கி நின்றிருந்தார். உயிரோடுதான் இருந்தார். கையில் டெஸ்டர். சுவிட்ச் இறங்கினாலும், சாவி பைக்குள் வந்தாலும், செத்த கம்பி என்று ஊரே சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் அவர் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. வால் பக்கத்துக் கம்பியில் வைத்திருக்கிறார், விளக்கு எரிந்திருக்கிறது. கையை இழுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார். அவரைக் காப்பாற்றியது என் கூச்சல் இல்லை, அவருடைய பழக்கம்.

"இன்னும் ஒரு சாவி கூடி உண்டு. ஆரோட கையிலயோ இருக்கு" என்று சந்தைப் பார்த்துச் சொன்னார். சத்தம் போடவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

கிரீஷ் என் பின்னால் வந்து நின்றார். கையில் அந்த ஒயர். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. மழையில் நனைந்தபடி, சந்தில் எல்லோரும் பார்க்க, அதைச் சாபுவிடம் நீட்டினார். "சாபு, நானாக்கும். சாவி தந்துட்டேனேன்னு…"

சாபு ஒயரை வாங்கி இரண்டு முனையையும் பார்த்தார். "கிரீஷேட்டா, நீங்க தந்தது சோலாரோட சாவி. வீட்டோட சாவி அல்ல."

ரிலே சோதிக்கிறவள் என்பதால் எனக்கு இன்னொன்றும் தெரியும். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரத்தால் தெருவின் எந்த ஃப்யூஸும் போயிருக்காது. ஃப்யூஸ் என்பது வெள்ளம் போலப் பாய்ந்து வரும் மின்சாரத்துக்காக வைத்தது. பேட்டரிகளும் இன்வெர்ட்டர்களும் கொடுப்பது கொஞ்சம்தான், அதைப் பார்த்து ஃப்யூஸ் அசையாது. ஆனால் ஒரு ஆளைக் கொல்ல அந்தக் கொஞ்சம் தாராளமாகப் போதும். எங்கள் தொழிலில் இன்று பெரிய தலைவலியே இதுதான். கூரைக்குக் கூரை மின்சாரம், மேஜைக்கு அடியில் மின்சாரம். பழைய காவல்காரர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், மின்சாரமோ கொல்லைப்புறமாக வருகிறது.

சாபு திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். திட்டியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர் ஒயரைச் சுருட்டிச் சாவிகள் இருந்த பையிலேயே திணித்துக்கொண்டார். என்னோடு வீட்டுக்குள் வந்து மெயின் சுவிட்சைத் தன் கண்ணால் பார்த்தார். வெளியே வந்து மறுபடி ஏணியில் கால் வைத்தார். வைத்தவர் நின்றார்.

"கிரீஷேட்டா, ஏணியைப் பிடிங்க."

கிரீஷ் தயங்கினார். "நானா?"

"நீங்கதான். ரெண்டு கையாலயும் பிடிக்கணும். கை ரெண்டும் ஏணியில இருந்தா வேற ஒண்ணும் தொட மாட்டீங்களே."

சந்து முழுக்கச் சிரித்தது. கிரீஷ் சிரிக்கவில்லை. ஏணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சாபு ஏறினார், டெஸ்டர் வைத்தார், விளக்கு எரியவில்லை. கம்பிகளை ஒன்றோடொன்று கட்டி மண்ணோடு இணைக்கும் சங்கிலியை மாட்டினார். பிறகுதான் கையால் தொட்டார். வேலை முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் மழையில் கிரீஷ் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பாகீரதி குடை பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். கண்ணில் மழை விழுந்தபோதும் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

இறங்கியதும் சாபு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அவரவர் சாவியைக் கொடுத்தார். கிரீஷ் தன் சாவியை வாங்கவில்லை. "நீயே வெச்சுக்கோ சாபு. என் கையில வேண்டாம்."

"அது சரிப்படாது. உங்க கையில இருந்து என்டெ கைக்கு வரணும். அதை வாங்கிட்டுத்தான் நான் ஏறறேன்" என்று சாபு அவர் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார். ஒயரைத் திருப்பித் தரவில்லை. அன்று சாயங்காலமே கிரீஷ் பக்கத்துச் சுள்ளிக்கல் கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு பூட்டு வாங்கிவந்தார், மெயின் சுவிட்சுக்கு. இனி "சாவி" என்று குரல் கேட்டால் அந்த வீட்டிலிருந்து இரண்டு சாவி போகும். மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் அன்றே அதே மாதிரிப் பூட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகு நிறையப் பேர், மழையில் பயணம் வீணாகப் போச்சா என்று கேட்டார்கள். நான் போன பயணங்களிலேயே மனம் நிறைந்து திரும்பியது இதில்தான். எல்லோரும் பார்க்கும் மட்டாஞ்சேரி அரண்மனையை நான் பார்க்கவில்லை, வாசனைத் திரவியம் வாங்கவில்லை. தன் உயிரைப் போக்கவிருந்தவரையே கூப்பிட்டு, தன் உயிரைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன ஒரு மனிதரைப் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூ டவுனில் சில இடங்கள் வெள்ளியும் சனியும் மூடியிருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். படகில் போவதானால் மட்டாஞ்சேரித் துறைக்கே ஏறுங்கள், என்னைப் போல அவசரப்படாதீர்கள். மழைக்காலத்தில் அறை வாடகை குறையும், நாளைக்கு இரண்டாயிரத்துக்குள் நல்ல அறை கிடைக்கும். சீக்கிரம் காயும் துணியாக இரண்டு செட் கூடுதலாக வையுங்கள். சின்ன பேட்டரிப் பெட்டி எடுத்துப் போகிறவர்கள் போனையோ மேஜை விசிறியையோ அந்தப் பெட்டியிலேயே செருகிக்கொள்ளுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் அதைச் சுவரோடு இணைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. மழைக்காலத்தில் மின்சாரம் போகும், அறையில் விசிறி நிற்கும். கீழே போய் வீட்டுக்காரரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள், அவர் உங்களுக்காக ஏதாவது செய்து தொலைப்பார். சன்னலைத் திறந்து தெருவைப் பாருங்கள். எங்காவது ஒரு கம்பத்தில் ஒருவர் ஏறியிருப்பார். அவர் இறங்கி வரும்வரை வேர்த்தால் வேர்க்கட்டும்.